ஒன்பதரை மணி நேரப் பயணம்

கணக்கு டீச்சரின் மடியில் இருந்த நீலப் பெட்டிக்குள் யாரோ ஒருவரின் எலும்பு மஜ்ஜை இருந்தது. கொடுத்தவர் யார், பெறப்போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. விடுமுறை நாட்களில் மஜ்ஜை வங்கிக்காக இப்படிப் பெட்டி கொண்டுபோவது அவர் தானாக ஏற்றுக்கொண்ட வேலை. எடுத்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அது நோயாளியின் உடம்பில் ஏறிவிட வேண்டும். பரிசோதனை, கையெழுத்து என்று நாற்பத்தெட்டு ஏற்கனவே போயிருந்தது.

நேர் விமானம் ஏழாயிரத்து முன்னூறு கிலோமீட்டரை ஒன்பதரை மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் இயந்திரக் கோளாறு என்று அதை ரத்து செய்துவிட்டார்கள்.

டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"அக்கா, அடுத்த நேர் விமானம் நாளைக்குத்தான். பேசாம பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடு."

"திருப்பிக் கொடுக்கவா? இதை நம்பி அங்க அந்த ஆளோட பழைய மஜ்ஜையை மொத்தமா அழிச்சிட்டாங்கடா. சுத்துவழியா ஏதாவது இருக்கா, பாரு."

தம்பி தேடினான். "ஒண்ணு இருக்கு. எதிர்த்திசையில நாலு மணி நேரம், அங்க மூணு மணி நேரம் காத்திருக்கணும், அப்புறம் பதினொண்ணு. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதை."

டீச்சர் மனசுக்குள் கூட்டினார். நாற்பத்தெட்டும் பதினெட்டும் அறுபத்தாறு. "போடு!"

மாறி ஏற வேண்டிய விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி பெட்டியைச் சுட்டிக்காட்டினார். "மெஷின்ல வைங்க."

"முடியாது சார். எக்ஸ்ரே படக்கூடாது. இதோ கடிதம்."

"கடிதம் எல்லாரும்தான் கொண்டு வர்றாங்க. வைங்க, இல்லன்னா ஓரமா நில்லுங்க."

இருபத்திரண்டு வருஷம் கடைசி பெஞ்சைச் சமாளித்தவர் அவர். குரலை உயர்த்தவில்லை. "ஓரமா நிக்கமாட்டேன். உங்க மேலதிகாரி வர்ற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் பெட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றார். இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் மேலதிகாரியான ஓர் அம்மா வந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார், அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார், பெட்டியைக் கையாலேயே சோதித்தார்.

"போங்கம்மா, கதவை மூடப்போறாங்க. ஓடுங்க!"

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார் டீச்சர்.

அறுபத்தெட்டாவது மணியில் ஆஸ்பத்திரி நர்ஸ் பெட்டியை வாங்கி வெப்பமானியைப் பார்த்தார். நாலு டிகிரி. தலையசைத்துவிட்டு வேகமாக உள்ளே போனார். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து தம்பியைக் கூப்பிட்டார்.

"வழியில தூங்குனியா அக்கா?"

"மடியில ஒரு உசுரை வச்சிக்கிட்டு எப்படிடா தூக்கம் வரும்?"

மூன்று வாரம் கழித்து மஜ்ஜை வங்கியிலிருந்து ஒரு வரி வந்தது: நோயாளியின் உடம்பில் புது ரத்த அணுக்கள் வளரத் தொடங்கிவிட்டன. ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, எதுவும் அதில் இல்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் படித்த டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த விடுமுறைப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தார்.