நாலாவது திருடனின் தழும்பு

என் மச்சான் முனுசாமியை எனக்குப் பிடிக்காது. என் தங்கை பெத்தம்மாளைக் கட்டிய நாளிலிருந்தே அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிறவியில்லை அது. இருட்டிய பிறகு முள்வேலிக்கு வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள் என்று கணக்கெழுதும் கிராணி நாள் தவறாமல், காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் கத்துவார். மலாயாவில், லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவனோ மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம், காணாமல் போன ஆட்டைத் தேடி வேலியைத் தாண்டினான். ஆடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. இவன் இடது கன்னத்தைத் தோட்டா கிழித்துக்கொண்டு போயிருந்தது.

விடிந்ததும் பெத்தம்மாள் என் லயத்து வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“வேலியோரம் ரத்தத்தப் பாத்துட்டாங்களாம்ணே. காயம்பட்ட ஆளத் தேடி போலீஸ் சார்ஜன் வராராம். காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்கு அரிசி கொண்டு போனவன்னு சொல்லி உள்ள தள்ளுவாங்க. இல்லன்னா கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. நான் என்னண்ணே பண்ணுவேன்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஆனால் பூசணிக்காய்களுக்கு நடுவே போட்டுவிடலாம்.

அன்று பகலில் எங்கள் திருவிழா நாடகம். ஊரடங்கு வந்த பிறகு ராத்திரி நாடகம் ஏது. வேஷம் போட்டுவிடுவதும் நான்தான், கதாநாயகனும் நான்தான். நாடகத்தில் மூன்று திருடர்கள். அவர்களுக்குத் தழும்பு போட ரப்பர் பாலே போதும். தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் பாலைத் தடவி விசிறினால், காயும்போது சுருங்கித் தோலை இழுத்துக்கொள்ளும். மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பு, ஓரத்தில் விளக்குக் கரி. மூன்று பேருக்கும் இடது கன்னத்திலேயே போட்டேன். பிறகு முனுசாமியை உட்கார வைத்து, காயத்தின் மேல் வெற்றிலைக் கொழுந்தை ஒட்டி, அதற்கு மேல் பாலைத் தடவினேன். பால் உறையாமலிருக்கக் கலந்த மருந்து எரிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

“நீ நாலாவது திருடன். வசனம் கிடையாது. வாயத் தொறந்த, கொன்னுருவேன்” என்றேன்.

சார்ஜன் வந்தார். ஆண்களை வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் துப்பாக்கிக்காரர்கள் விறைத்தார்கள். முதல் திருடனின் தழும்பை சார்ஜனே பிய்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். இரண்டாவது ஆளிடம் கையை நீட்டினார்.

“எல்லாத்தையும் பிச்சிட்டா நாடகம் இல்லங்க, துவான். காய நேரமாகும்லா” என்று மலாயும் தமிழுமாகக் கெஞ்சினேன்.

அவர் யோசித்தார். “நாடகம் முடியட்டும். எல்லாரும் முகத்தைக் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்க வேண்டும்” என்று மலாயில் சொல்லிவிட்டு, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வசனம் என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. மனம் அந்த நாற்காலியையே சுற்றிச் சுற்றி வந்தது. நாடகம் முடிந்தால் முனுசாமி கதையும் முடிந்தது. ஓடச் சொல்லலாமா? வேலியெங்கும் காவல். கடைசிக் காட்சி வந்தது, நான் திருடர்களை வாளால் அடித்து வீழ்த்தும் காட்சி. பிஸ்கட் டின்னை வெட்டிப் பலகையில் அடித்துச் செய்த வாள். அதன் தகர விளிம்பு விரலில் பட்டபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்தக் காயம் எப்படி வந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். சாட்சி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

முனுசாமி முன்னால் வந்தான். வாளை ஓங்கினேன். கை தானாக விலகிக்கொண்டது. காற்றைத்தான் வெட்டினேன். கூட்டம் சிரித்தது. அவன் என் கண்ணைப் பார்த்தான். புரிந்திருக்க வேண்டும், விலகாமல் இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். மறுபடி ஓங்கி, தழும்பின் மேலேயே இறக்கினேன்.

பால்தோல் பிய்ந்து ரத்தம் கொட்டியது. நடிப்பென்று நினைத்து ஜனம் கை தட்டியது. சார்ஜன்தான் மேடை மேல் பாய்ந்து ஏறினார். தன் பையிலிருந்த கட்டுத் துணியை எடுத்து, தன் கையாலேயே அவன் கன்னத்தில் அழுத்தினார். “போடோ! மடையா, நாடகத்தில் யாராவது உண்மையாக வெட்டுவார்களா?” என்று என்னைத் திட்டினார். அலோர் காஜா ஆஸ்பத்திரிக்குத் தன் லோரியிலேயே ஏற்றச் சொன்னார். மற்றவர்கள் முகம் கழுவி நின்றார்கள். ஒருவர் மேலும் கீறல் இல்லை.

பெத்தம்மாள் லோரிக்கு அருகில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னிக்கா ஒன் ஆத்திரத்தத் தீத்துக்கணும்? நீயெல்லாம் ஒரு அண்ணனா?”

பக்கத்தில் போலீஸ்காரன் நின்றான். நான் வாயைத் திறக்க முடியாது. தங்கையிடம் அப்படியொரு பேச்சைக் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி லோரியில் ஏறி முனுசாமி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

லோரி தோட்டத்தைத் தாண்டியதும், அவன் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி மெதுவாகக் கேட்டான்.

“கல்யாணத்தன்னிக்கே என்ன அடிக்கணும்னு நின்ன ஆளுதானே நீ. மொத அடி ஏன் மச்சான் தவறுச்சு?”