இரண்டாவது பொட்டலம்

“ஏ புள்ள, ஒனக்குள்ள யாராச்சும் பேசுறாகளா?”

ஞானபூரணி ஒரு நாள் இப்படிக் கேட்டபோது மாடத்தி சிரித்துவிட்டாள். ஞானபூரணி நர்ஸம்மாவின் மகள். எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாடத்தியிடம், பள்ளிக்கூடத்தில் கேட்டதையெல்லாம் வந்து சொல்லுவாள்.

“கிரேக்க தேசத்துல சாக்ரடீசுன்னு ஒருத்தர். அவருக்குள்ள ஒரு குரல் கேக்குமாம். இதச் செய்யின்னு ஒருநாளும் சொல்லாதாம். ஏடாகூடமா எதையாச்சும் செய்யப் போனா மட்டும், வேண்டாம்னு நிறுத்துமாம். சாமி குரல்னு நம்புனாராம்.”

“எங்கம்மா மாதிரியா?”

“ஒங்கம்மா நாள் பூரா பேசுவாக. அது எப்பமாச்சுந்தான் பேசும்.”

அந்தத் தை மாதம் மாடத்திக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை அம்மாவின் தம்பி கருப்பணன். நல்ல மனிதர். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிப் போய்ப் பொங்கல் விழா காட்டியவர். அவரைப் புருஷனாக நினைக்கப் போனால் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஏது தைரியம்? கருப்பணனுக்கும் கொஞ்சம் தயக்கம்தான். “காளியாத்தா சொல்லட்டும்க்கா, கட்டிக்கிறேன்” என்றுவிட்டார்.

ஆகவே வைப்பாற்றங்கரைக் காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்காததைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். பொட்டலங்களைக் கட்டியவள் அம்மா வள்ளித்தாய்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. வள்ளித்தாய் குலவையிட்டாள்.

“இத ஆத்துல விட்டுட்டு வா தாயி” என்று மற்றதை மாடத்தியிடம் கொடுத்தார் பூசாரி.

தண்ணீரருகே குனிந்து கையை நீட்டினாள். ‘வேண்டாம்.’ திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. மறுபடி நீட்டினாள். ‘வேண்டாம்.’ ஏன் என்று அது சொல்லவில்லை. வேறு என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. பொட்டலத்தோடு திரும்பி வந்து நின்றாள்.

“ஏன்டி கொண்டாந்த?” அம்மா முன்னால் வந்தாள்.

“ஆத்துல தண்ணி வத்திப்போச்சோ?” கருப்பணன் சிரித்தார். “குடு, நான் போடுறேன்.”

“நீ இரு தம்பி, நான் போறேன்.” வள்ளித்தாய் பாய்ந்து பிடுங்கினாள். மாடத்தி விடவில்லை. பொட்டலம் கிழிந்து பூ மண்ணில் விழுந்தது. அதுவும் வெள்ளை.

“ஒன் நல்லதுக்குத்தான் தம்பி ரெண்டுலயும்…” என்று இழுத்தாள் வள்ளித்தாய்.

கருப்பணன் பூவைப் பார்த்தார். அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, வேப்பமரத்தில் சாய்த்திருந்த சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு போய்விட்டார்.