பக்கத்து அறையிலிருந்து ஒரு புகார்

வாஷிங் மெஷின் கெட்டுப்போனவர்களின் வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் போனில் தேனொழுகப் பேசுவது அவள் வேலை. வீட்டின் சின்ன அறைதான் ஆபீஸ். ஆறு மணியோடு ஷிப்ட் முடியும். ஆனால் மகாராணிக்கு எழுந்திருக்க மனசு வராது. ‘இன்னும் ஒரே ஒரு கால்’ என்பாள். அந்த ஒன்று ஊர் அடங்கும்வரை நீளும். இத்தனைக்கும் யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. தானாகப் போட்டுக்கொண்ட விலங்குக்கு யாரைக் குற்றம் சொல்வது?

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கொஞ்ச நாளாக ஏதோ சொல்ல வந்து அறைக்கதவைத் திறப்பான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘அப்புறம்’ என்று கையைக் காட்டுவாள். பாவம், அவனும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான்.

அன்றும் ஆறு தாண்டிவிட்டது. அடுத்த அழைப்பு வந்தது.

“வணக்கம் சார், உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்?”

“அப்பாடா, நீயே எடுத்தியா! இதுக்குள்ள வேற யார் யாரோ எடுத்து, அவங்ககிட்டல்லாம் மன்னிப்புக் கேட்டுப் போனை வச்சுட்டேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெட்செட்டில் கேட்ட குரலே சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

“உங்களுக்கென்ன பைத்தியமா? எல்லாம் ரெக்கார்ட் ஆகுது!” என்று பல்லைக் கடித்தாள்.

“ஆகட்டும். கஸ்டமர் வைக்காம நீ வைக்கக் கூடாதுல்ல, அதான் கூப்பிட்டேன். வேற ஊர்த் துறைமுகத்துக்குக் கூப்பிடறாங்க, ரெண்டு வருஷத்துக்கு. காலைல பதில் சொல்லணும். போகட்டுமா?”

அவள் வாய் தன்பாட்டுக்குப் பேசியது: “உங்க சிரமம் புரியுது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

பாழாய்ப்போன பழக்கம்! சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“இல்லீங்க, அவ்ளோதான்” என்று அவன் வைத்துவிட்டான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே ஓடினாள். அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“போகாதீங்க. ஏதோ வாய்தவறி வந்துடுச்சு.”

“தெரியும், கோவமெல்லாம் இல்ல. ஆனா நான் ஏன் போகக் கூடாது? அதச் சொல்லு.”

நாளெல்லாம் பதில் சொல்லியே பிழைக்கிறவள், இதற்குக் கேள்வியையே பதிலாக்கினாள்.

“நீங்க போயிட்டா, இந்த வீட்ல நான் தனியா என்ன பண்ணுவேன்?” என்று அழுதேவிட்டாள்.

“இப்ப என்ன பண்றியோ, அதையேதான்” என்றான் அவன்.



காலையில் அவன், கூப்பிட்டவர்களிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டான். அவளுக்காகத்தான் கேட்டான். அன்று சாயங்காலம் ஆறு அடித்ததும் அவள் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும்தான்.

“சொல்லுங்க” என்றாள்.

“நீ சொல்லு” என்றான் அவன்.