முன்கூட்டி வைத்த வெல்லம்

முனிர்காவில் மூன்றாம் மாடியில் இருக்கும் ராஜலக்ஷ்மியின் பூஜை அலமாரியில், தில்லிக்காரர்கள் தொலைத்த சாமான்கள் தினம் காலையில் வந்து கிடந்தன. முதலில் வந்தது ஒற்றைக் கையுறை. பிறகு மெட்ரோ கார்டு, குக்கர் வெயிட், ஒரு பல்செட். அவள் கேட்டதோ கணவரை. மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கல்யாணராமன், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவர், போனவர்தான். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார் என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தவறு ராஜலக்ஷ்மியுடையதுதான். அவளுடைய புதுக்கோட்டைப் பக்கத்தில் எது தொலைந்தாலும் அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்வார்கள், கிடைத்ததும் வெல்லம் வைப்பார்கள். இவளுக்குப் பொறுமை ஏது? கணவர் வருவதற்கு முன்பே வெல்லத்தை வைத்துவிட்டாள். கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டவர்கள் வேலை செய்யும் லட்சணம் நமக்குத் தெரியாதா? அம்மனுக்கும் எதையாவது கொண்டுவந்து போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அவர் வராத கோபத்தில் அவள் இன்னும் பெரிய கட்டியாக வைத்தாள். மறுநாள் ஏழெட்டுக் குடைகள் வந்தன.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட, ஊரெல்லாம் பரவி, ஆட்கள் மாடியேறி வந்து தங்கள் பொருளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரார் குடையெல்லாம் வீடு போய்ச் சேருகிறது, என் மனுஷருக்கு மட்டும் வழி தெரியவில்லையா என்று அவள் பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். தொலைந்தவை எல்லாம் எங்கேதான் போகின்றன? எங்கும் போவதில்லை, வேறு ஒருத்தர் வேறு ஒன்றைத் தேடும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன என்பது அவள் கண்ட முடிவு. கண்டு என்ன செய்ய? எரிச்சல்தான் மிச்சம்.

மூன்றாவது குளிர்காலத்தில் திருச்சியிலிருந்து மைத்துனர் ஜெயராம் போன் செய்தார். "எத்தனை நாள்தான் காத்துண்டிருக்கறது மன்னி? காரியத்தைப் பண்ணிடலாம். படத்துக்கு ஒரு மாலை போடுங்கோ."

"மாலையை நீங்க போட்டுக்கோங்கோ," என்று போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரம் அலமாரியில் ஒரு பீரோ சாவி வந்தது. அதைத் தேடி ரோஹிணியிலிருந்து ஹர்பிரீத் என்ற அம்மாள் வந்தாள். சாவியை வாங்கியவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "அரே, இவர் எங்கள் பால்கனியில் அல்லவா இருக்கிறார்!" என்று இந்தியில் சொன்னாள். அவர் காணாமல் போன நாளில்தான் சாவியும் தொலைந்ததாம், அது கிடைக்க வேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாளாம். விடிந்தபோது பால்கனியில் முருங்கைக்காயோடு இவர் நின்றாராம். வீடு எங்கே என்று கேட்டால், என் மனைவி தேடிக்கொண்டு வருவாள் என்பாராம். ராஜ்மா கொடுத்தால் தயிர் கேட்பாராம், மற்றபடி தொந்தரவில்லை.

அன்றே டாக்ஸியில் கூட்டி வந்தார்கள். முருங்கைக்காய் விறகாகியிருந்தது. ராஜலக்ஷ்மி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஒரு போன் பண்ணப்படாதா?"

"நீ தொலைச்ச குடை என்னிக்காவது உனக்குப் போன் பண்ணித்தா?" என்றார் அவர், செருப்பைக் கழற்றியபடி.

அன்றோடு வெல்லம் வைப்பது நின்றது, சாமான்கள் வருவதும் நின்றது. பல்செட்டுக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. பொங்கலுக்கு முன் ராஜலக்ஷ்மியின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. கல்யாணராமன் வெல்ல டப்பாவைத் திறக்க, அவர் கையில் அவள் பட்டென்று ஒன்று போட்டாள்.

"தொடாதேங்கோ! கண்ணாடி கேட்டா இன்னொரு பல்செட் வரும். நீங்க எந்தப் பால்கனிக்குப் போவேளோ."

கண்ணாடி இன்றுவரை கிடைக்கவில்லை. காலையில் பேப்பரை அவர் உரக்கப் படிக்கிறார், அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறாள்.