ஆடாத எழுத்து

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கருணாகரனின் மனைவி சண்முகவடிவு, பாடம் வாசிக்கவில்லை என்று மகளை அடிப்பது புதிதல்ல. ஆனால் அன்று ஜானுவின் கன்னத்தில் விரல்கள் பதிந்துவிட்டன.

"ஒரு வரி வாசிக்க இம்புட்டு நேரமாடி? அஞ்சாங் கிளாஸ் பிள்ளை வாசிக்கிற லட்சணமா இது?"

"எழுத்தெல்லாம் ஆடுதும்மா. வெள்ளைத்தாள் கண்ணைக் குத்துது."

தூத்துக்குடியில் படித்த காலத்தில் சண்முகவடிவுக்கும் எழுத்து ஆடியது. பக்கத்து பெஞ்சுப் பெண்கள் சத்தம் போட்டுப் படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தே எட்டாவது வரை தேறினாள். மக்கு என்று பெயர் வந்துவிடுமோ என்று பெற்றவர்களிடமும் சொல்லவில்லை, கட்டியவனிடமும் சொல்லவில்லை. எழுத்து ஆடுகிறது என்று இப்போது மகள் வாயிலிருந்தும் வந்ததும் பயந்து போனாள்.

"பொய்யா சொல்லுத?" என்று இன்னோர் அடி வைத்தாள்.

நவராத்திரி வந்தது. கொலு விளக்குக்குச் சுற்றியது போக ஒரு துண்டு பச்சைக் கண்ணாடித்தாள் மிஞ்சியிருந்தது. சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த சண்முகவடிவின் காதில் ஜானு தடையில்லாமல் வாசிப்பது விழுந்தது. எட்டிப் பார்த்தாள். புத்தகத்தின் மேல் பச்சைத்தாளை விரித்து வைத்திருந்தாள் பெண். அம்மாவைக் கண்டதும் அவசரமாகத் தாளைப் பாவாடைக்கடியில் ஒளித்து, கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஜானு அதைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு விளையாடப் போன பிறகு சண்முகவடிவு அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தாள். எழுத்துகள் ஆடாமல் நின்றன. முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்தாள். இருந்த இடத்திலேயே தாளை வைத்துவிட்டு வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுவாரம் ஜானுவை மயிலாப்பூரில் கண் டாக்டர் கோதண்டபாணியிடம் அழைத்துப் போனாள். பச்சைத்தாள் வைத்தால் பெண் தடையில்லாமல் வாசிப்பதைச் சொன்னாள். அவர் நிதானமாகச் சோதித்தார்.

"பார்வையில ஒரு குறையும் இல்லே. இந்த மாதிரி நான் படிச்சதும் இல்லே. பவர் இல்லாம லேசாப் பச்சைக் கண்ணாடி போட்டுப் பாருங்கோ, கெடுதல் இல்லே." பிறகு கேட்டார், "ஆத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"யாருக்கும் இல்லை டாக்டர்" என்றாள். பக்கத்தில் ஜானு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு போன முதல் நாளே, மெட்ராஸ் ஐ என்று பிள்ளைகள் அவளை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். சீதா டீச்சர் கண்ணாடியைப் பிடுங்கி மேஜையில் வைத்துக்கொண்டு அம்மாவை வரச் சொல்லி அனுப்பினார்.

"கிளாஸுக்குள்ள என்னம்மா இந்த ஸ்டைல்? எழுத்து ஆடுதாம்! எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஜானு நின்றபடியே அழுதாள். 'நான் என்ன செய்ய, இவள் சொன்னபடி கேட்டால்தானே?' என்ற பதில் சண்முகவடிவின் நாக்கு நுனி வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். மேஜையிலிருந்த பாடப் புத்தகத்தை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து வாசித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தடுக்கித் தடுக்கி வந்தது. சிரிப்பு அதிகமானது. காது மடல் சுட்டது. பிறகு அந்தச் சின்னக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே பத்தியைக் கடகடவென்று வாசித்து முடித்தாள்.

"அவ பொய் சொல்லலை டீச்சர். சின்னதுலேர்ந்தே எனக்கும் இப்படித்தான்."

சீதா டீச்சர் கண்ணாடியை வாங்கி, தன் சேலைத் தலைப்பில் துடைத்து ஜானுவிடம் கொடுத்தார்.

சாயங்காலம் பாண்டி பஜார் வழியாக நடந்தார்கள்.

"உனக்கும் ஆடுமாம்மா?"

"ஆடும்."

"அப்ப என்னை ஏன் அடிச்சே?"



"தெரிஞ்சேதான் அடிச்சேன்டி" என்றாள்.

பஸ் வருகிறதே என்று சண்முகவடிவு கையை நீட்டினாள். ஜானு அதைப் பிடித்துக்கொள்ளாமல் அம்மாவுக்கு முன்னால் சாலையைக் கடந்து போனாள்.