தாளிக்காத ரசம்

“அம்மா, அந்தப் போனத் தொடாத!”

ராகினி போட்ட சத்தத்தில் மங்களத்தின் கை அந்தரத்தில் நின்றது. விரல்களில் புளிக்கரைசல் வழிந்தது. சமையல் மேடையில், பூண்டுக் கூடையை முட்டிக்கொண்டு ராகினியின் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் பவன் என்ற பெயர். மெல்பர்னில் தம்பி காந்தனோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவன்.

“ஏன்டி, போன் என்ன கடிச்சிடுமா?”

“கையெல்லாம் புளி. போன் கெட்டுடும்.”

பாய்ந்து எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சலுக்கு நடுவே பவனின் குரல் கம்மலாக வந்தது.

“அக்கா, நீங்க வந்து மொகத்த பாத்த பெறகுதான் மத்ததுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. அம்மா நம்பருக்கு மட்டும் கூப்பிட்டுடாத. மெசேஜ்கூட வேணாம் பவன், கெஞ்சிக் கேக்கறேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் கடுகு படபடவென்று வெடித்தது. ராகினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

காந்தன் வேலை செய்த கிடங்கில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்து அவன்மேல் விழுந்தது போன வாரம். ஆப்பரேஷன் முடிந்து கண்ணைத் திறந்தான். வீடியோவில் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசினான். “வந்து பாருங்கம்மா” என்றான். அவ்வளவுதான், கடனை உடனை வாங்கி அப்பா, அம்மா, ராகினி மூவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. கிளம்பும் நாளும் வந்துவிட்டது. இன்றைக்கு விடியலில் அவன் போய்விட்டான்.

செய்தி வந்ததும் ராகினி அப்பாவைத்தான் கோழிக் கூண்டுப் பக்கம் இழுத்துப்போய்ச் சொன்னாள். வீரமுத்து செலண்டார் பக்கம் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்ந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். கூண்டுக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கம்பி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“ஒங்கம்மாகிட்ட மூச்சு விடாத” என்றார் கடைசியில். “போன மாசந்தான் நெஞ்சுல குழா வெச்சி அனுப்புனாங்க. இங்க சொன்னா தாமான் சனமே கூடிடும். முன்னால கூடாரம் போட்டுடுவாங்க. அவ விழுந்துடுவா. விழுந்தவள எந்தப் பிளேன்ல ஏத்துவான்? அவன இங்க கொண்டார நமக்கு வக்கில்ல. புள்ள மொகத்த அவ பாக்கணும். அங்க போய் எறங்கட்டும். நான் சொல்லிக்கறேன்.”

இருவரும் உள்ளே வருவதற்குள் மங்களம் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.

அதைத்தான் ராகினியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கத்துச் சோறுதான் உள்ளே வர வேண்டும். சின்னப்பிள்ளையிலிருந்து பார்த்துப் பழகிய வழக்கம். இங்கேயோ இரண்டு அடுப்பும் திகுதிகுவென்று எரிகின்றன. வீடெல்லாம் பெருங்காய வாசனை. எப்படி நிறுத்துவது? என்ன சொல்லி நிறுத்துவது?

குளியலறையை விட்டு வந்தபோது மங்களம் புளிச்சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். மேடையில் சோறு மடிக்கும் பொங்குஸ் காகிதம் விரித்துக் கிடந்தது. ஒரு பக்கம் இட்லி, பொடி தடவி நல்லெண்ணெய் மினுங்க. இன்னொரு பக்கம் சப்பாத்தி. அடுத்த அடுப்பில் நெத்திலி சம்பால் கொதித்தது.

“டிக்கெட்டோட சாப்பாடு சேத்து வாங்காததே நல்லதாப் போச்சு” என்றாள் மங்களம். “கப் மீயில சுடுதண்ணி ஊத்திக் குடுக்கறதுக்கு அந்த வெலயாம். ஒங்கப்பாவ நம்ப முடியாது. அந்தப் பிளேன் பொண்ணு சிரிச்சா ரெண்டா வாங்கிடுவாரு.”

“வெளி சாப்பாடு கொண்டாரக் கூடாதுன்னு போட்டிருக்கான்மா.”

“போடுவான். பேக்குக்குள்ள வந்தா பாக்கப் போறான்?”

“சம்பால் வேற வெக்கிற. மணத்துக்குப் பைலட்டே எழுந்து வந்துடுவான்.”

சொல்லிவிட்டு ராகினி தானே திடுக்கிட்டாள். தன்னால் இன்று ஒரு கேலிப் பேச்சுப் பேச முடிகிறதா? மங்களம் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைத் தனியாக ஒதுக்கி, அதன்மேல் இன்னொரு காகிதத்தையும் சுற்றினாள்.

“அது யாருக்கு?”

“யாருக்கா? ஆஸ்பத்திரிக் கஞ்சிய குடிச்சிக்கிட்டுக் கெடக்கறானே, அவனுக்கு.”

“அங்க ஏர்போட்லயே புடுங்கிக் குப்பையில போட்டுடுவாங்க. எறங்குறதுக்கு முன்னாடி தின்னு தீத்துடணும்.”

“கேட்டா, நெஞ்சு வலிக்காரி, மருந்துன்னு சொல்றேன்.” குரலை உயர்த்தினாள். “ஏங்க, இங்க வாங்க. உப்பு பாத்துச் சொல்லுங்க.”

வீரமுத்து கூடத்திலிருந்து வந்தார். மகளைப் பார்க்கவில்லை. மங்களம் நீட்டிய புளிச்சோற்று உருண்டை அவர் உள்ளங்கையில் விழுந்தது. பிள்ளை செத்த அன்று, சொந்த வீட்டு அடுப்பில் வெந்த சோறு! ராகினி மேடை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அப்பா அதை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

“சரியா இருக்கு.”

“உப்பு?”

“சரியா இருக்குன்னேன்ல.”

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“ஒங்கப்பாவுக்குப் பிளேன்னாலே பயம்” என்றாள் மங்களம். “காலையிலேருந்து மொகமே சரியில்ல. சரி, என் போன எங்க வெச்ச? காந்தன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டா நிம்மதியாக் கெளம்பலாம்.”

“சார்ஜ்ல இருக்கு.”

“அப்பலேருந்து சார்ஜ்லயே இருக்கு.”

“பழைய போன்மா. மெதுவாத்தான் ஏறும்.”

மங்களம் கரண்டியைக் கீழே வைத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ராகினி சின்ன வயதிலிருந்தே பயந்தவள். இன்னும் ஒரு கேள்வி வந்தால் முகம் உடைந்துவிடும்.

அந்தக் கேள்வி வரவில்லை. வாசலில் ஒரு வண்டி உறுமியது. ராகினியின் புருஷன் யுவனேஸ்வரன் வேனை இரவல் வாங்கிவந்து நிறுத்தினான். சாமான்களை ஏற்றத் தொடங்கினான். அப்பாடா என்று ராகினி மூச்சு விட்டாள். இன்னும் கொஞ்ச நேரம். சோற்றைக் கட்டி, பையை மூடி, அம்மாவை ஏற்றிவிட்டால் போதும்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது.

பின்வீட்டு மீனம்மா. கையில் நாலடுக்குத் தூக்கு.

காலையில் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைக்கப் போனபோது வீரமுத்து அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார். ஊரில் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். மீனம்மா சத்தியத்தைக் காப்பாற்றினாள். வாயைத் திறக்கவில்லை. ஆனால் துக்க வீட்டுக்குச் சோறு ஆக்காதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே! விஷயம் காதில் விழுந்ததும் கை தானாக அரிசியைக் களைந்துவிட்டது.

“அக்கா… கெளம்புற நேரத்துல எதுக்கு நீங்க சிரமப்பட்டுக்கிட்டு. கொஞ்சம் சோறு கொண்டாந்தேன்.”

“இந்தா பாரு கூத்த!” என்றாள் மங்களம். “நான் ஒரு பட்டாளத்துக்கு ஆக்கி வெச்சிருக்கேன். இவ தூக்க எடுத்துக்கிட்டு வர்றா.”

மீனம்மா சிரிக்கவில்லை. அவள் கண் எரிகிற அடுப்பின்மேல் நிலைகுத்தி நின்றது. மங்களம் அதைக் கவனித்தாள்.

“நான் எடுத்து வெக்கிறேன்மா.” ராகினி குறுக்கே பாய்ந்து தூக்கைப் பிடித்தாள். ஆனால் மங்களத்தின் கை மேல்மூடியில் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

மேல் அடுக்கில் ரசம். ஆவி பறந்தது. மங்களம் குனிந்து பார்த்தாள். வெறும் ரசம். ஒரு கடுகு இல்லை. ஒரு கறிவேப்பிலை இல்லை. மோருக்குக்கூடக் கைநிறையக் கடுகு தாளிக்கிறவள் மீனம்மா. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அவளும், தாமானில் மற்ற எந்தப் பெண்ணும், தாளிக்காமல் ரசம் வைப்பார்கள்.

அடுப்பில் சம்பால் கொப்பளித்தது.

மங்களம் மூடியைப் பழையபடி பொருத்தினாள். அடுப்பை அணைத்தாள். அடுத்ததையும் அணைத்தாள். குனிந்து, மேடைக்கடியில் இருந்த கேஸ் தோம்பின் வாயையும் திருகி மூடினாள்.

“அம்மா…” ராகினி மாத்திரைப் பட்டையைத் தேடி மேடையைத் துழாவினாள். இதோ விழப்போகிறாள், இதோ.

மங்களம் விழவில்லை. மீனம்மாவுக்குப் பின்னால் வந்து நின்ற புருஷனைத்தான் பார்த்தாள்.

“ஏங்க. நான் அடுப்பு பத்த வெக்கிறப்ப புள்ள இருந்தானா?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். வீரமுத்துவின் உதடு இரண்டு முறை பிரிந்து மூடியது.

“இருந்தான்” என்றார்.

மங்களம் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெல்லத் தலையசைத்தாள்.

“அப்ப இதெல்லாம் எடுத்துக்கலாம். சம்பால் வேணாம். அது இப்ப வெச்சது.”

பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினாள். தனியாக ஒதுக்கியிருந்ததையும் மற்றவற்றோடு சேர்த்தாள். பிறகு மீனம்மா பக்கம் திரும்பினாள்.

“இவங்களுக்குப் போடு மீனா. பசியோட ஏறக்கூடாது.”

மீனம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தட்டுகளை எடுத்தாள். யுவனேஸ்வரன் வந்து ஒன்றும் புரியாமல் நின்று, புரிந்ததும் தலையைக் குனிந்தபடி தரையில் உட்கார்ந்தான். வீரமுத்து சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

ராகினி நிமிர்ந்தபோது அம்மாவைக் காணவில்லை.

படுக்கையறையில் இல்லை. குளியலறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கோழிக் கூண்டுப் பக்கம் ஓடினாள். யாருமில்லை. “அம்மா! அம்மா!” பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

வேனின் கதவு திறந்திருந்தது.

நடு இருக்கையில், கொளுத்தும் வெயிலில், மங்களம் உட்கார்ந்திருந்தாள். சேலை மாற்றியிருந்தாள். தலையை வாரி முடிந்திருந்தாள். பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து மாட்டியிருந்தாள். மடியில் கைப்பை. கையில் பாஸ்போர்ட்.

“உள்ள வாம்மா. வேன் அடுப்பாக் கொதிக்குது. இன்னும் நேரம் இருக்கு.”

“வேணாம். இங்கயே இருக்கேன்.”

“ஒரு வாய் சாப்புடு.”

“பிளேன்ல சாப்புடறேன்.” கன்னத்தில் வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை. “என் மொகத்த பாரு ராகினி. நல்லாத்தான இருக்கேன்? ஏத்திக்குவாங்கல்ல?”

“ஏத்திக்குவாங்கம்மா.”

“அப்ப சரி.”

ராகினி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். ஓட்டும் இருக்கை காலியாகக் கிடந்தது. மங்களம் பாஸ்போர்ட்டில் தன் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அது மூடிவிடாதபடி கட்டைவிரலை நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தெருமுனையைப் பார்த்தபடி இருந்தாள்.