இளைய சகலை சொன்ன பறவை

இளைய சகலை ஒரு பறவைக்கு என்ன பெயர் சொல்கிறாரோ, அரைமணி நேரத்தில் அதன் இறகு அந்தப் பெயருக்கு ஏற்ப மாறிவிடும். சேற்றுக்கரையில் பறவை எண்ணும் நிலையத்துக்கு அவர் வேலைக்கு வந்த முதல் வாரமே இது நடந்தது. அன்று நாற்பது கருவால் மூக்கன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கருவாலும் பட்டைவாலும் நிற்கும்போது பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். பறந்தால்தான் ஒன்றின் வால் கறுப்பு, மற்றதன் வாலில் குறுக்குக் கோடுகள் என்று தெரியும். இளையவர் தொலைநோக்கியைத் தொடக்கூட இல்லை, "எல்லாம் பட்டைவால்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். சோதிக்க வந்த ஆய்வாளர் கை தட்டிக் கூட்டத்தைக் கிளப்பினார். நாற்பது வாலிலும் கோடு. கருவால் என்று எழுதியிருந்த மூத்த சகலையின் தாளில் சிவப்பு மையால் பெரிய வட்டம் விழுந்தது.

மூத்தவர் அதே நிலையத்துப் பலகையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து பறவை எண்ணியவர். முதுகு இறகின் ஓரத்தைப் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவார். இளையவருக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். தங்கை புருஷன் சும்மா திரிகிறாரே என்று மனைவி நச்சரித்ததால் போய்க் கெஞ்சினார். இப்போது அந்த மனைவியே, "எங்க தம்பிக்கு என்ன கண்ணுங்க!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மூத்தவருக்கு வயிறு எரிந்தது. அவன் வாயில் வந்ததை உளறுகிறான், பறவைகள்தான் மாறித் தொலைக்கின்றன என்று சொல்லிப் பார்த்தார். பொறாமை என்றார்கள். பொறாமைதான், அதை அவரே மறுக்கவில்லை. ஒருநாள் பூராவும் ஒரு கருவாலைப் பார்த்து "பட்டைவால், பட்டைவால்" என்று சொன்னார். அது பாட்டுக்குப் புழு தின்றது. இருபத்திரண்டு வருஷம் வெயிலில் காய்ந்தவனுக்கு ஒரு இறகைக்கூட மாற்றித் தராத பறவைகள், நேற்று வந்தவனுக்கு வாலையே மாற்றுகின்றன! உங்கள் கண் மாதிரி வராது என்று மனைவி ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தது அவருக்கு. நாலு வருஷம் இப்படியே போயிற்று.

ஐந்தாம் வருஷம் ஆய்வாளர் வந்த அன்று மூத்தவர், சகலை வாய் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிட வேண்டும் என்று சாம்பல் நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சேற்றில் தவழ்ந்து போனார். ஆய்வாளர் தூரத்தில் கை நீட்டி, "ஓரமா தனியா நிக்குதே, அது என்னப்பா?" என்று கேட்டார். "அதுவா சார், கருவால்" என்றார் இளையவர். அரைமணி நேரத்தில் மூத்தவர் சுருங்கி, மூக்கு நீண்டு, இறகு முளைத்து நின்றார். முதல் காரியமாகத் திரும்பித் தன் வாலைப் பார்த்தார். கறுப்பு. இதிலும் அவன் சொன்னதே சரியாகிவிட்டதே என்றுதான் அவருக்கு எரிந்தது.

சாயங்காலம் மனைவி தேடி வந்தாள். இளையவர் நல்ல மனுஷர், எதையும் மறைக்கவில்லை. "அவருன்னு பாக்காம கருவால்னு சொல்லிட்டேன் அண்ணி" என்று அழுதார்.

"அழாதீங்க தம்பி. இதுல அவரு எதுன்னு காட்டுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முந்நூறு மூக்கன்கள் நின்றன. மூத்தவர் விழுந்தடித்து ஓடி வந்து அவள் செருப்பின் மேலேயே ஏறிக் கத்தினார். "ச்சூ, அங்கிட்டுப் போ" என்று அவள் காலை உதறினாள். இளையவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரத்தில் ஒன்றைக் காட்டினார். "அதோ, ஒத்தக் கால்ல நிக்கிறாரே, அவருதான்." அரைமணி நேரத்தில் அந்தப் பறவை மழைக்கோட்டோடு எழுந்து வந்து, "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டது. போனார்கள்.

அந்த மனிதர் இப்போதும் ஒழுங்காக வேலைக்குப் போகிறார். சகலை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார், சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் அவளைச் சொல்கிறார்கள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் இடத்தில் தினமும் ஒரு மூக்கன் வந்து நிற்கிறது. மிச்சம் மீதி இருந்தால் அதற்கும் போடுவாள். ஒருநாள் அதைப் பார்த்து, "ஏங்க, இது கருவாலா பட்டைவாலா?" என்று கேட்டாள். "தம்பிய கேட்டுச் சொல்றேன்" என்றார் அவர். வெளியே பறவை இறக்கையைத் தூக்கி வாலை நன்றாக விரித்துக் காட்டியது. அவள் பார்க்கவில்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள்.